மோஷன் சார்ட்

முதியோர் வார்டில் வேலை கற்க வருகிற பிள்ளைகள் முதலில் நம்புவது தெர்மாமீட்டரை. தப்பில்லை, படிப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் எண்பது வயதுக்காரரின் ரத்தத்தில் கிருமி ஏறி, பிரஷர் சரியத் தொடங்கிய பிறகும் அந்தத் தெர்மாமீட்டர் 98இல் நிற்கும். கடுமையான தொற்று வந்த முதியவர்களில் நூற்றுக்கு இருபது, முப்பது பேருக்குக் காய்ச்சலே இருக்காது. அதனால் இன்றைய டெம்பரேச்சரோடு நிறுத்தாமல் டி.பி.ஆர். (டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன்) சார்ட்டைப் பின்னால் புரட்டிப் பாருங்கள். நாலு நாளாக 96.8, 97 என்று ஓடிக்கொண்டிருந்தவருக்கு இன்று 99 என்றால் அது காய்ச்சல்தான். அதுவே திடீரென்று 95க்கு இறங்கினால், 102க்குப் பயப்படுவதைவிட அதிகமாகப் பயப்பட வேண்டும்.

மூச்சு எண்ணுவது இன்னொன்று. எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கேஸ் ஷீட்டை எடுத்தாலும் எல்லாருக்கும் ரெஸ்பிரேஷன் 20 என்றே எழுதியிருக்கும். யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரிய சிஸ்டர், நாடி பார்க்கிற சாக்கில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே கண்ணைப் போர்வை மேல் வைத்து, ஒரு முழு நிமிஷம் எண்ணுவார். நாம் எண்ணுவது தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால் அந்தச் சாக்கு. 22ஐத் தாண்டினால் டியூட்டி டாக்டருக்கு ஆள் போகும். மூச்சு 22 அல்லது கூடுதல், மேல் பிரஷர் 100 அல்லது அதற்குக் கீழ், புத்தித் தடுமாற்றம், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் உஷாராக வேண்டும் என்று 2016இல் செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உறுப்புகளைத் தாக்கும் நிலை, அதன் வரையறையை மாற்றியபோது எழுதினார்கள். பெரிய சிஸ்டர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.

நாடியை நம்பும்போதும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: ஐயா என்ன பிரஷர் மாத்திரை போடுகிறார்? மெட்டோப்ரோலாலோ அட்டெனலாலோ போடுகிறவருக்கு உடம்பு எவ்வளவு தவித்தாலும் நாடி அவ்வளவாக ஏறாது. பிரஷர் 110/70 என்று இருந்தால் நார்மல் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வீட்டில் அவருக்கு எப்போதும் 160 இருந்திருந்தால், 110 என்பது சரிவு. போர்வையை விலக்கி முழங்காலைப் பாருங்கள். தோல் நீலம் பாய்ந்து திட்டுத்திட்டாக இருக்கிறதா என்று பாருங்கள். விரல் நுனியைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து விட்டால் மூன்று வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். 2019இல் தென் அமெரிக்க நாடுகளின் ஐ.சி.யு.க்களில் இந்த விரல் அழுத்தத்தையும் லாக்டேட் ரத்தப் பரிசோதனையையும் பக்கத்தில் வைத்துச் சிகிச்சை நடத்திப் பார்த்தார்கள். விரல் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை.

புத்தித் தடுமாற்றம் என்றால் கத்துவது, டியூபைப் பிடுங்குவது என்று நினைக்காதீர்கள். முதியவர்களில் பலர் அடங்கித்தான் போவார்கள். கூட இருக்கிற மகனிடம் கேட்டால், "வயசாச்சுல்ல சிஸ்டர், தூங்குறாரு" என்பார். ஒருமுறை ஒரு பாட்டியைச் சோர்வு என்று சொல்லிச் சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, கேட்டால் "நல்லாருக்கேன் தாயி" என்றார். மருமகள்தான் போகிற போக்கில் சொன்னாள்: "ரெண்டு நாளா வெத்தலைப் பெட்டியத் தொடல சிஸ்டர். அது இல்லாம எங்க அத்தை இருக்காது." அன்று சாயங்காலமே பிரஷர் இறங்கியது. ரத்தத்தில் இ.கோலை என்கிற பாக்டீரியா வளர்ந்திருப்பதாக மறுநாள் ரிப்போர்ட் வந்தது. அதிலிருந்து சேர்க்கையின்போது நான் தவறாமல் கேட்கிறேன்: போன வாரம் வரைக்கும் தினமும் என்ன செய்வார்? இப்போது அதில் எதை விட்டிருக்கிறார்? பேப்பர் படிப்பது, திண்ணையில் உட்காருவது, பேரனைத் திட்டுவது, எதுவாகவும் இருக்கலாம்.

இ.கோலை, கிளெப்சியெல்லா, என்டிரோகாக்கஸ். முதியவர்களின் பிளட் கல்ச்சர் ரிப்போர்ட்டில் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் இவை. மூன்றும் குடலில் குடியிருக்கிறவை. சிறுநீர்ப்பாதை வழியாக ஏறினாலும், பித்தப்பையிலிருந்து வந்தாலும், குடல் சுவரைத் தாண்டி வந்தாலும் புறப்பட்ட இடம் பெரும்பாலும் அவரவர் வயிறுதான். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் பெரிய சிஸ்டர் ஹேண்ட் ஓவரில் டிரிப்ஸ் பற்றிக் கடைசியில் கேட்டதன் காரணம் எனக்கு விளங்கியது. அவருடைய முதல் கேள்வி எப்போதும், "மோஷன் போனாரா?" போனார் என்று சொன்னால் போதாது. எத்தனை தடவை, எவ்வளவு, என்ன நிறம், புழுக்கையா கூழா தண்ணியா, நாற்றம் எப்படி? இங்கிலாந்தில் 1997இல் ஒரு அட்டவணை போட்டார்கள், பிரிஸ்டல் சார்ட் என்று. ஏழு வகை, படத்தோடு. இப்போது எங்கள் வார்டுச் சுவரிலும் அது இருக்கிறது. ஆனால் ஆயாம்மா புழுக்கை என்று சொன்னால் அது ஒன்றாம் நம்பர் என்று எல்லாருக்கும் தெரியும்.

பிறகு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். இரண்டு உள்ளங்கையையும் சூடாகும்வரை தேய்த்துவிட்டுத்தான் கையை வைப்பார். குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகும், அப்புறம் எதுவும் தெரியாது. நேற்று இளகியிருந்தது இன்று பிதுங்கியிருக்கிறதா, தட்டினால் காற்றுச் சத்தமா, ஸ்டெத் வைத்தால் குடல் ஓசை கேட்கிறதா, இவ்வளவையும் பார்த்த பிறகே பக்கத்துக் கட்டிலுக்கு நகர்வார். வார்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு மானிட்டர் திரையிலிருந்து கண்ணை எடுத்து வயிற்றுக்குக் கொண்டுவரவே ஆறு மாதம் பிடிக்கும்.

குடலின் உட்சுவர் ஒரே ஒரு அடுக்குச் செல்தான். ஒரு வாரத்துக்குள் பழசு உதிர்ந்து புதுசு வந்துவிடும். அதன்மேல் சளிப்படலம், அதற்கு அப்பால் கோடானுகோடி பாக்டீரியா. நாம் சாப்பிடுகிற கீரை, காய், தவிடு இவற்றின் நாரை அந்தப் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்கிற ஒன்றைத் தருகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான சாப்பாடு அதுதான். நார் வரவில்லை என்றால் அந்தச் சாப்பாடு குறையும், சுவர் மெலியும். வயதானால் இது எல்லாமே ஒன்றுசேர்ந்து சரிகிறது. பல் போனதும் முதலில் இலையிலிருந்து காய்கறி போகிறது, அப்புறம் பருப்பு போகிறது, கடைசியில் டீயும் பன்னும் ரஸ்க்குமாக நாள் ஓடுகிறது. நல்லது செய்யும் பைபிடோ வகைப் பாக்டீரியாக்கள் குறைகின்றன, இ.கோலைக் கூட்டம் பெருகுகிறது. அயர்லாந்தின் கார்க் நகரில் 178 முதியவர்களின் மலத்தைப் பரிசோதித்து 2012இல் வெளியிட்டார்கள். சொந்த வீட்டில் பலவகை சாப்பிட்டு இருப்பவர்களின் வயிற்றில் பாக்டீரியாவும் பலவகை. நெடுநாள் பராமரிப்பு இல்லங்களில் ஒரே மாதிரிச் சாப்பாட்டில் இருப்பவர்களின் வயிற்றில் அது சுருங்கிப்போயிருந்தது, ஆளும் அதற்கேற்ப நலிந்திருந்தார்.

எங்கள் பேராசிரியர் ஒருநாள் ரவுண்ட்ஸ் முடிந்ததும் கனடாவில் எலிகளை வைத்துச் செய்ததைச் சொன்னார். 2017இல் வந்தது. சாதாரணமாக எலி கிழடாகும்போது குடல் சுவர் கசிந்து, பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கலந்து, உடம்பில் ஓயாமல் ஒரு மெல்லிய அழற்சி எரிந்துகொண்டிருக்கிறது. குடலில் பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு வயதாகியும் அந்த அழற்சி வரவில்லை. நிமோனியாக் கிருமியைக் கொல்லும் திறமும் அவற்றின் வெள்ளணுக்களுக்குக் குறையவில்லை. அதாவது முதியவரின் உடம்பு தொற்று வருவதற்கு முன்பே பாதி அலுத்துப்போயிருக்கிறது. கிருமி வரும்போது மெதுவாக எழுந்திருக்கிறது, எழுந்த பிறகு நிறுத்தத் தெரியாமல் அடிக்கிறது. அந்த அடி தன் சிறுநீரகத்தின் மேலும் நுரையீரலின் மேலும்தான் விழுகிறது. அதைத்தான் செப்சிஸ் என்கிறோம். பிரஷர் விழும்போது உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைத் திருப்பிவிட்டுக் குடலைப் பட்டினி போடும். ஏற்கெனவே கசிந்த சுவர் இன்னும் கசியும். எலிக்கதை எலிக்கதைதான், மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் பார்த்த பல கட்டில்கள் நினைவுக்கு வந்தன.

இனி கை வேலை. பிளட் கல்ச்சர் எடுப்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அதை நம்பி நிற்கிறது. ஆண்டிபயாடிக் போடுவதற்கு முன்னால் எடுக்க வேண்டும், இரண்டு கையிலும் தனித்தனியாக. முதியவர் தோல் தொளதொளவென்று இருக்கும், நரம்பு பார்க்கப் புடைத்துத் தெரியும், ஊசி பட்டதும் நழுவும். பெரிய சிஸ்டர் இடது கட்டைவிரலால் குத்துமிடத்துக்கு இரண்டு விரல் கீழே தோலை இழுத்துப் பிடிப்பார். டூர்னிகேவை இறுக்க மாட்டார். இறுக்கினால் அந்த மெல்லிய நரம்பு குத்தினவுடன் வெடித்து நீலம் கட்டும். மருந்து போட்டுத் துடைத்த இடம் தானாகக் காய வேண்டும். புதிய பிள்ளைகள் அவசரத்தில் வாயால் ஊதிக் காயவைப்பார்கள், இல்லாவிட்டால் நரம்பு எங்கே என்று மறுபடி விரலால் தடவுவார்கள். இரண்டுமே அந்தக் கல்ச்சரைக் கெடுத்துவிடும். தோல்மேல் இருந்த கிருமி பாட்டிலில் வளரும், அதற்கு ஒரு ஆண்டிபயாடிக் எழுதப்படும், அது போய் வயிற்றிலிருக்கிற நல்லதையெல்லாம் துடைக்கும். பாட்டில் மூடியையும் துடைக்க வேண்டும். ஒரு பாட்டிலுக்கு எட்டிலிருந்து பத்து மில்லி ரத்தம் வேண்டும். பாட்டி பாவம் என்று மூன்று மில்லியோடு நிறுத்தினால் இருக்கிற கிருமியும் தெரியாமல் போகும். எடுத்த கையோடு ஆண்டிபயாடிக் ஊசியைப் போட்டுவிடுங்கள். ஷாக்கில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

போட வேண்டியதை உடனே போடுவது ஒரு வேலை. நிறுத்த வேண்டியதை நினைவுபடுத்துவதும் நம் வேலைதான். ஆண்டிபயாடிக் எத்தனையாவது நாள் என்று கேஸ் ஷீட்டின் மூலையில் தினமும் சிவப்பு மையில் எழுதுவோம். டாக்டர் திருப்பும்போது கண்ணில் படும். 2024 கடைசியில் ஏழு நாடுகளில் மூவாயிரத்து அறுநூறு பேரை வைத்துப் பார்த்த ஆய்வு வந்தது: ரத்தத்தில் தொற்று உள்ளவர்களுக்கு 7 நாள் மருந்து, 14 நாள் மருந்துக்குச் சற்றும் குறையவில்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சிலவற்றை அதில் சேர்க்கவில்லை, ஆகவே முடிவு டாக்டருடையது. "சார், இன்னைக்கு ஏழாவது நாள்" என்று சொல்வது என்னுடையது. அதேபோல, காய்ச்சலோ எரிச்சலோ வேறு தொந்தரவோ இல்லாத தாத்தாவுக்கு யூரின் கல்ச்சரில் கிருமி இருக்கிறது என்பதற்காக மருந்து கொடுக்க வேண்டியதில்லை. வயதானவர்களில் பலருக்கு அது சும்மா இருக்கும். நெடுநாள் கதீட்டரோடு இருப்பவருக்கு இருந்தே தீரும். "சார், கதீட்டர் இன்னும் வேணுமா?" என்று தினமும் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், எடுத்தும் விடுவார்கள்.

ஆண்டிபயாடிக்குக்குப் பிறகு வருகிற பேதிதான் முதியோர் வார்டின் பெரிய சோதனை. நல்ல பாக்டீரியா துடைத்துப்போன குடலில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்று ஒன்று கிளம்பும், சி.டிஃப் என்போம். தண்ணியாகப் போகும், குதிரை லாயம் போல ஒரு நாற்றம் வரும், வயிறு ஊதும். நாற்றத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது, டாக்ஸின் டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் தனிக் கட்டிலுக்கு மாற்றவும் கையுறை போடவும் டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. முக்கியமானது: கட்டில் முனையில் தொங்குகிற ஹேண்ட் ரப் இதன் விதைத்துகளைக் கொல்லாது. சிங்க்குக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்து, தண்ணீரில் கழுவ வேண்டும். ஆயாம்மாவுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், பெட்பேன் எடுப்பவர் அவர்தான். பேதி நிற்கட்டும் என்று லோபரமைடு கொடுக்க யாராவது சொன்னால், டாக்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுக் கொடுங்கள். வெளியேற வேண்டிய விஷத்தை உள்ளே பூட்டியதாகிவிடும். பேதி மாதிரித் தெரிகிற இன்னொன்றும் உண்டு. மலம் கல்லாகி அடைத்திருக்கும், அதன் ஓரமாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். சார்ட்டில் எட்டு தடவை என்று எழுதியிருப்போம். அது பேதியே இல்லை. கையுறை மாட்டி விரல் வைத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

திரும்பத் திரும்ப வருகிற சி.டிஃப்புக்கு ஆரோக்கியமானவரின் மலத்தைக் கரைத்து டியூப் வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள் ஆம்ஸ்டர்டாமில். 2013இல் முடிவு வந்தது. 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் நின்றது; வான்கோமைசின் மருந்து மட்டும் கொடுத்த 13 பேரில் 4 பேருக்குத்தான் நின்றது. மலத்தைப் பார்த்து மூக்கைப் பொத்துகிற பிள்ளைகளிடம் நான் இந்தக் கணக்கைச் சொல்வதுண்டு.

"தயிர் கொடுக்கலாமா சிஸ்டர்?" என்று கேட்காத உறவினர் இல்லை. வாயால் சாப்பிடுகிறவர், டாக்டர் தடை சொல்லவில்லை என்றால், மோர் குடிக்கட்டும், கஞ்சி குடிக்கட்டும், மசித்த கீரை சாப்பிடட்டும். புரோபயாடிக் கேப்சூல் விஷயம் வேறு. ஒடிசாவில் 4,556 பச்சிளங்குழந்தைகளை வைத்து, ஒரு பகுதியினருக்கு லாக்டோபேசில்லஸ் கொடுத்துப் பார்த்து, செப்சிஸும் இறப்பும் சேர்ந்து நாற்பது சதவீதம் குறைந்ததாக 2017இல் சொன்னார்கள். அது பிறந்த பிள்ளையின் வயிறு. வென்டிலேட்டரில் இருக்கிற பெரியவர்கள் 2,650 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்கு வேறொரு லாக்டோபேசில்லஸைக் கொடுத்துப் பார்த்ததில் நிமோனியா குறையவில்லை, சிலருடைய ரத்தத்திலேயே அந்தப் பாக்டீரியா வளர்ந்துவிட்டது. ஆகவே எழுதிக்கொடுத்தால் கொடுங்கள், நாமாகக் கொடுக்க வேண்டாம். கொடுக்கும்போது சென்ட்ரல் லைன் இருக்கிற கட்டிலோரம் கேப்சூலை உடைக்காதீர்கள். தூள் கையில் ஒட்டும், அதே கை லைனைத் தொடும். ஈஸ்ட் வகைக் கேப்சூல்களில் அப்படியே ரத்தத்தில் ஏறியிருக்கிறது. தூரத்து மேஜையில் கரைத்து, கை கழுவிவிட்டு வாருங்கள்.

வயிற்றைக் காலியாகப் போட்டு வைக்காதீர்கள் என்பதைத்தான் பெரிய சிஸ்டர் அடிக்கடி சொல்வார். பிரஷர் நிலைப்பட்டதும், முதல் ஒன்றிரண்டு நாளுக்குள், மூக்கு வழியாகப் போடுகிற ரைல்ஸ் டியூபிலாவது கொஞ்சம் சாப்பாடு போய்விட வேண்டும். குளுக்கோஸ் டிரிப்ஸ் ஓடினால் சாப்பாடு போகிறது என்று வீட்டார் நினைக்கிறார்கள். குடல் சுவருக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. டியூப் இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரே பார்த்த பிறகு, தலைமாட்டை உயர்த்தி, சாப்பாட்டை வெதுவெதுப்பாக, சிரிஞ்சை அழுத்தாமல், தன் கனத்தில் தானே இறங்க விடுங்கள். அவசரக்காரர்கள் பிஸ்டனைத் தள்ளிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்கள், பத்து நிமிஷத்தில் வாந்தி, வாந்தி நெஞ்சில் இறங்கி நிமோனியா. வாயால் சாப்பிடாதவருக்கும் வாய் கழுவிவிட வேண்டும். பல்செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். பல்செட் எங்கே என்று கேட்டால் பாதி வீடுகளில் தெரியாது, தலையணைக்கு அடியில் தேடுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று எல்லாருக்கும் அவசரம், ஆனால் அன்றைக்குத்தான் நிதானமாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் முதியவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2015இல் எழுதினார்கள்: ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன முதல் 90 நாளில் கடும் செப்சிஸ் வருவது மற்ற காலத்தைப்போல மூன்று மடங்கு. தொற்றுக்காகப் படுத்தவர்களுக்கு இன்னும் கூடுதல், சி.டிஃப் வந்துபோனவர்களுக்கு அதைவிடக் கூடுதல். கலைந்த குடல் பழையபடி தேறுவதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. நாங்களும் அந்த முகங்களை இரண்டாவது மாதத்தில் திரும்பப் பார்த்திருக்கிறோம். அதனால் மகளையோ மருமகனையோ தனியாக உட்காரவைத்துச் சொல்கிறேன். மென்று தின்ன முடியாவிட்டால் காயை வேகவைத்து மசித்துக் கொடுங்கள். அல்சருக்கு என்று வருஷக்கணக்கில் போடுகிற பான்டோப்ரசோல் இன்னும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அது சி.டிஃப்புக்கு வழி திறக்கும். சளி, பேதி என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி நீங்களாக ஆண்டிபயாடிக் வாங்காதீர்கள். வழக்கமாகச் செய்வதை நிறுத்திவிட்டார் என்றால் காய்ச்சலுக்குக் காத்திருக்காமல் கூட்டிவாருங்கள். வரும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும், இடையில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரை அட்டைகளும் வேண்டும். கடைக்காரர் பெயர் இல்லாத பக்கமாகக் கத்தரித்துக் கொடுத்திருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு கவரில் போட்டு எடுத்துவந்தால் பார்மசியில் கேட்டு நாங்கள் கண்டுபிடித்துக்கொள்கிறோம்.